பழைய வீடு வாங்கப் போறோம், மரமெல்லாம் ஊசி ஓட்டை, பொடி வேற கொட்டுது. வாங்கலாமா வேணாமா?

காவேரிப்பட்டணத்தான்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஓசூர்ல கம்பெனி வேலை, 11 வருஷமா வாடகை வீடு. இப்ப அப்பா புடிவாதமா நம்ம ஊர்லயே ஒண்ணு வாங்கிடலாம்னு சொல்லி, காவேரிப்பட்டணத்துல ஆத்துக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீடு பாத்து வச்சிருக்கோம். திண்ணை, உள்ள கூடம், மங்களூர் ஓடு, குறுக்க ரெண்டு பெரிய உத்திரம், சமையக்கட்டு மட்டும் பின்னாடி எடுத்துக் கட்டினது. 70 வருஷத்துக்கு மேல ஆச்சுங்கறாங்க. நிலைவாசல்ல நல்ல வேலைப்பாடு, அம்மா அதுக்காகவே வாங்கணும்னு நிக்கறாங்க.

பிரச்சனை என்னன்னா உத்திரம், கைமரம் எல்லாத்துலயும் குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை, எண்ணவே முடியாது. சமையக்கட்டுத் தரையில மைதா சிந்தின மாதிரி பொடி. புரோக்கர கேட்டா "பழைய மரம்னா உளுக்கத்தான் செய்யும் தம்பி, ஒரு கோட்டு வார்னிஷ் அடிச்சா தெரியாது"ன்றார். தெரியாதுன்றதுதானே எனக்கு பயமே. 38 லட்சம் சொல்றாங்க, இன்னும் அட்வான்ஸ் குடுக்கல. ரெண்டு நாளா தூக்கமில்ல, யாராவது அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மாந்தோப்பு:
வேணாம் தம்பி. உளுத்த வீடும் உளுத்த மாடும் வாங்கக் கூடாதுன்னு எங்க தாத்தா சொல்வார். இடிச்சுட்டு தளம் போடறதா இருந்தா மட்டும் வாங்கு.

ஆசாரி மகன் பென்னாகரம்:
மாந்தோப்பு அண்ணா சும்மா பயமுறுத்தாதீங்க 🙂 ஓட்டை இருக்குன்னு வீட்ட இடிக்கறதா இருந்தா நம்ம மாவட்டத்துல ஒரு ஓட்டு வீடும் மிஞ்சாது.

தம்பி, நான் தச்சு வேலை, அப்பா காலத்துல இருந்து. ஓட்டைன்னா வண்டு வெளிய போன வழிங்க. உள்ள புழுவா இருந்து மரத்த தின்னு, வண்டாகி ஓட்டை போட்டுட்டு பறந்துடும். அது 40 வருஷம் முன்னாடி போயிருக்கலாம், போன மாசம் போயிருக்கலாம், ஓட்டைய எண்ணி எந்தப் புண்ணியமும் இல்ல. எப்ப போட்ட ஓட்டைன்னு பாருங்க. ஓரம் மழுங்கி, உள்ள கறுத்து, பெயின்ட்டோ ஒட்டடையோ அடைச்சிருந்தா பழசு. பச்சையா வெட்டின மாதிரி வெளிறி, ஓரம் கூரா, கீழ புதுப் பொடி இருந்தா வண்டு இன்னும் குடியிருக்குன்னு அர்த்தம்.

எனக்கு ரெண்டு விஷயம் சொல்லுங்க. உத்திரம் என்ன மரம்? சமையக்கட்டுல போட்டது என்ன மரம், எப்ப போட்டது?

காவேரிப்பட்டணத்தான்:
உத்திரம் வேங்கைன்னு வீட்டுக்காரர் சொல்றார்ணா. சமையக்கட்டு ரீப்பர், பரண் எல்லாம் நாலஞ்சு வருஷம் முன்னாடி மாத்தினாங்களாம், "நாட்டு மரம்"னு மட்டும் சொன்னார்.

ஆசாரி மகன் பென்னாகரம்:
அப்ப பாதி விடை கெடச்சாச்சு. நாட்டு மரம்னா எங்க பாஷையில எது வேணா இருக்கும், மா, வாகை, இலவம், எது சல்லிசோ அது. நம்ம கிருஷ்ணகிரிப் பக்கம் மாமரத்துக்கு பஞ்சமா, காய்ப்பு கொறஞ்ச மரத்த வெட்டி அறுத்து வித்துடறாங்க. மாம்பலகை வண்டுக்கு அல்வா மாதிரி.

ஏன்னு கேட்டா, மரத்துல நடுவுல சேகு, சுத்தி வெள்ளை. மாவுச்சத்து இருக்கறது வெள்ளையில. பொடி கொட்டற வண்டுக்கு வேண்டியது அந்த மாவுதான். சேகு பாஞ்ச வேங்கை, தேக்கு, புளிய மரத்து நடுக்கட்டை எல்லாத்தையும் அது சீண்டறது இல்ல, ஓரத்துல வெள்ளை விட்டு அறுத்திருந்தா அந்த ஓரத்த மட்டும் தின்னுட்டு நிறுத்திடும். இன்னொண்ணு, வெட்டி பல வருஷம் ஆன மரத்துல மாவு தானா கொறஞ்சிடும். அதனால 70 வருஷ உத்திரத்துக்கு இந்த வண்டு புதுசா வர்றது அபூர்வம்ங்க. புது மரத்துக்குத்தான் வரும். பழைய வீட்டுல புதுசா செஞ்ச ரிப்பேர்தான் உளுக்குது, ஜனங்க பழியத் தூக்கி பழைய மரத்து மேல போடறாங்க.

லண்டன்ல ஒரு தருமபுரி:
இந்தப் பதிவ பாத்ததும் எழுதணும்னு தோணுச்சு. இங்க இங்கிலாந்துல போன வருஷம் ஒரு பழைய வீடு வாங்கினோம், சர்வேயர் ரிப்போர்ட்டுலயே மரப்புழு இருக்குன்னு எழுதியிருந்தான், நானும் உங்கள மாதிரியே தூக்கம் கெட்டேன். இங்க இருக்கறது வேற வண்டு, ஓட்டை 1லிருந்து 2 எம்.எம்.தான், ஆனா புழு மரத்துக்குள்ள 2லிருந்து 5 வருஷம் கூட இருக்கும். ஈர மரம்தான் அதுக்குப் பிடிக்கும், வீடு காஞ்சு ஹீட்டர் ஓடினா தானா செத்து ஒழிஞ்சிடும், பாதி வீட்டுல மருந்தே தேவையில்லன்னு நெறைய பேர் சொல்றாங்க. அதே மாதிரி ஈரத்த மட்டும் நிறுத்துங்க, மருந்துக்கு செலவு பண்ணாதீங்க.

ஆசாரி மகன் பென்னாகரம்:
அண்ணா கோச்சுக்காதீங்க, அந்த ஊர் கணக்கு இங்க ஒத்து வராது. நம்ம ஊர் பொடி வண்டு காஞ்ச மரத்துலயும் ஜோரா இருக்கும், மரக்கடை ரீப்பர்ல கூட வரும். அதுவும் 5 வருஷமெல்லாம் காத்திருக்காது, நம்ம வெயிலுக்கு ஒரு வருஷத்துலயே, சில சமயம் அதுக்கு முன்னாடியே, முட்டை, புழு, வண்டுன்னு ஒரு சுத்து முடிஞ்சிடும். ஈரத்த நிறுத்தணும்ன்றது மட்டும் நூத்துக்கு நூறு சரி, அது வேற ஆளுக்காக.

லண்டன்ல ஒரு தருமபுரி:
சரிங்க, கோவமெல்லாம் இல்ல 🙂 வேற ஆளுன்னா யாரு?

ஓய்வுபெற்ற ஏஇ:
செல்லு, அதாவது கரையான். அதத்தான் அவர் சொல்றார்.

நான் பொதுப்பணித்துறையில ஏஇ, அதாவது உதவிப் பொறியாளரா இருந்தவன். இவ்வளவு நேரமா எல்லாரும் பொடியப் பத்தியே பேசறீங்க. பொடி கண்ணுக்குத் தெரியற விரோதி. கரையான் வெளிய தெரியாம உள்ளயே கோறையாக்கிட்டு, மேல காகிதம் கனத்துக்கு ஒரு தோல் மட்டும் விட்டு வைக்கும். தம்பி வீடு ஆத்தங்கரைப் பக்கம்னு எழுதியிருக்கார், மண் சுவரா சுண்ணாம்பு சுவரான்னு தெரியல. உத்திரத்தோட நடுப்பகுதிய யாரும் பாக்க வேணாம், அது நல்லாத்தான் இருக்கும். சுவத்துக்குள்ள போற முனைதான் வீட்டோட உயிர். ஓடு ஒழுகி சுவர் ஊறி, அந்த ஈரத்துல முனை மக்கி, அடியில இருந்து செல்லு ஏறியிருந்தா ஒரு மழைக்காலத்துல உக்காந்துடும். ஒரு நல்ல திருப்புளி எடுத்துட்டுப் போய் முனையில குத்திப் பாருங்க. சேகு மரம்னா நுனி கூட எறங்காது. வெண்ணெயில எறங்கற மாதிரி எறங்கினா அங்கயே விலைப் பேச்ச நிறுத்துங்க.

மாந்தோப்பு:
ஏஇ சார் சொல்றது சரி. எங்க களத்து வீட்ல அப்படித்தான், கதவு நிலை பாக்க பளபளன்னு இருந்துச்சு, பேரன் சைக்கிள் இடிச்சதும் கை உள்ள போயிடுச்சு. பூரா மண்ணு.

காவேரிப்பட்டணத்தான்:
ஐயோ இது தெரியாதே சார். சுவர் மண் சுவர்தான், மேல சுண்ணாம்புப் பூச்சு. எந்தப் பூச்சின்னு எப்படி கண்டுபிடிக்கறது, எனக்கு எல்லாமே பொடியாத்தான் தெரியுது.

ஆசாரி மகன் பென்னாகரம்:
பொடிய ரெண்டு விரல்ல எடுத்து தேச்சுப் பாருங்க. பவுடர் மாதிரி வழுவழுன்னு இருந்தா பொடி வண்டு. கொஞ்சம் நறநறன்னு ரவை கலந்த மாதிரி இருந்தா அதோட பெரியப்பா பிள்ளை, மூங்கில்லயும் பச்சை மரத்துலயும் ஏர்றது, ஓட்டையும் கொஞ்சம் பெருசா இருக்கும். கசகசா மாதிரி தனித்தனி குருணையா உருண்டா அது காஞ்ச மரத்துக் கரையான், அதுக்கு மண் வழியே வேணாம், மரத்துக்குள்ளயே குடும்பம் நடத்தும். பொடியே இல்லாம மண்ணுல கோடு போட்ட மாதிரி சுவத்துல ஏறியிருந்தா சாதா செல்லு. சுண்டுவிரல் நுழையற அளவு வட்டமா ஒரு ஓட்டை, கீழ மரத்தூள், பக்கத்துல கறுப்பா பெருசா ஒண்ணு ரீங்காரம் போட்டுட்டு சுத்துதுன்னா கருவண்டு, அதுக்கு பயப்படாதீங்க, ஓட்டைய அடைச்சா போதும்.

ஒரு எச்சரிக்கை. தரையில பொடி இருந்தா உயிரோட இருக்குன்னு உடனே முடிவு கட்டாதீங்க. பழைய ஓட்டையில அடைஞ்சு கெடந்த பொடி, மேல பூனை ஓடினா, பக்கத்துல லாரி போனா கூட உதிரும். அதனால ஓட்டைய எல்லாம் தொடப்பத்தால தட்டி சுத்தம் பண்ணிட்டு, மேல நியூஸ் பேப்பர் துண்டு பசை போட்டு ஒட்டுங்க, கீழ கறுப்பு சார்ட் பேப்பர் விரிங்க. ரெண்டு மூணு வாரம் விட்டுப் பாருங்க. வண்டு இருந்தா பேப்பர பொத்துட்டு வரும், அதுக்கு மேல சாட்சி வேணாம். இப்ப வெயில் ஏர்ற நேரம், வர்றதா இருந்தா இப்ப வந்துடும்.

பாலக்கோடு அக்கா:
தம்பி நான் ஏமாந்த கதைய கேட்டுக்கோ. எங்க மாமனார் வீட்ல கட்டில், ஊஞ்சப் பலகை, கதவு எல்லாம் பொடி கொட்டுச்சு, ஒரு கம்பெனிய கூப்பிட்டோம், ஆள் வந்தான், முதுகுல டேங்க், பத்து நிமிஷத்துல பூரா அடிச்சான், 9 ஆயிரம் வாங்கினான், 5 வருஷம் கேரண்டின்னு கார்டு குடுத்தான். மூணே மாசம், மறுபடியும் பொடி. போன் பண்ணா நம்பர் இல்லன்னு வருது. அப்புறம்தான் எங்க பக்கத்து ஆசாரி சொன்னார், பெயின்ட் மேல அடிச்ச மருந்து மரத்துக்குள்ள எப்படிம்மா போகும், மழைக்கோட்டு போட்டவனுக்கு எண்ணெய் தேய்ச்ச கதைதான்னு. சுரண்டி, ஓட்டைக்கு ஓட்டை ஊசியில ஏத்தினோம். கை கடுத்துப் போச்சு ஆனா நின்னுச்சு.

காவேரிப்பட்டணத்தான்:
அக்கா என்ன மருந்து ஏத்தினீங்க?

பாலக்கோடு அக்கா:
வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் ஆசிட் பவுடரும். அளவு ஆசாரி தம்பி சொல்வார் பாரு, எனக்கு மறந்துடுச்சு.

ஆசாரி மகன் பென்னாகரம்:
10 லிட்டர் சுடுதண்ணிக்கு வெங்காரம் 300 கிராம், போரிக் ஆசிட் 200 கிராம். நல்லா கரையணும். மரம் வெறுமையா, பெயின்ட் வார்னிஷ் இல்லாம இருக்கணும். பிரஷ்ல அடிச்சு, ஈரம் காயறதுக்கு முன்னாடி மறுபடியும் அடிச்சு, ஓட்டைக்கு சிரிஞ்சுல ஏத்தணும். நாலு நாள் காய விட்டு இன்னொரு தடவ. உள்ள இருக்கற மரத்துக்குத்தான் இது, மழை படற எடத்துல கழுவிட்டுப் போயிடும். பிள்ளைங்க, ஆடு மாடு வாய் வைக்காம பாத்துக்கணும். நல்லா காஞ்ச பிறகு வார்னிஷ் அடிச்சா திரும்ப முட்டை வைக்க வழி இருக்காது, ஏன்னா மரத்துல தெரியற நுண்ணு நுண்ணு துவாரத்துலதான் வண்டு முட்டை விடும். புரோக்கர் சொன்ன வார்னிஷும் இதான், ஆனா அவர் கடைசி வேலைய மொதல்ல செய்யச் சொல்றார், உள்ள இருக்கறது அப்படியே உள்ளயே தின்னுட்டு இருக்கும்.

மாந்தோப்பு:
வேஸ்ட் ஆயிலும் மண்ணெண்ணெயும் கலந்து அடிச்சா போதாதா? நாங்க காலங்காலமா வேலிக்கால் அதுலதான் முக்கறோம்.

ஆசாரி மகன் பென்னாகரம்:
வேலிக்காலுக்கு சரிண்ணா. வீட்டுக்குள்ள அடிச்சா ஆறு மாசம் மெக்கானிக் ஷெட் வாசனை வரும், அடுப்பு எரியற எடம் வேற. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை எண்ணெய் அடிப்பாங்க, நல்லா வேலை செய்யும், ஆனா கையில பட்டா கொப்பளிச்சிடும், கிளவுஸ் இல்லாம தொடாதீங்க.

உரக்கடைக்காரன் அரூர்:
ஒருத்தர் எனக்கு தனியா மெசேஜ் பண்ணி, தானியத்துக்கு வைக்கற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைய பரண்ல போட்டு ரூம மூடி வச்சா வண்டு சாகுமான்னு கேட்டார். அதனால எல்லாருக்கும் பொதுவா சொல்றேன், தயவு செஞ்சு செய்யாதீங்க. அதுல இருந்து வர்றது பாஸ்பீன் வாயு, ஓட்டு வீட்டுல அடைக்கவே முடியாது, பக்கத்து வீட்டுக்கும் போகும், தூங்கறவங்க எந்திரிக்க மாட்டாங்க. அத பொதுஜனத்துக்கு விக்கவே கூடாது, அரசாங்க கிடங்குக்கும் அனுமதி வாங்கின பூச்சி மருந்து ஆளுங்களுக்கும் மட்டும்தான். எங்க கடையில கேட்டா சண்டைதான் போடுவேன்.

ஓய்வுபெற்ற ஏஇ:
நல்லா சொன்னீங்க. செல்லுக்கு முறை இருக்கு, ஐ.எஸ். 6313ன்னு இந்தியத் தர விதி, அதுல மூணாம் பாகம், கட்டி முடிச்ச வீட்டுக்குன்னே எழுதினது. சுவரும் தரையும் சேர்ற எடத்துல 12 எம்.எம். ஓட்டை, அடிக்கு ஒண்ணா போட்டு, குடிக்கற வரைக்கும் மருந்து விடணும், ஒரு ஓட்டைக்கு அதிகபட்சம் 1 லிட்டர். குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி.ன்னா 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணி. கிணறு, போர் பக்கத்துல இருந்தா கண்டிப்பா சொல்லிட்டு செய்யணும். டேங்க முதுகுல மாட்டிட்டு வந்து தரைய நனைச்சுட்டுப் போனா அதுக்குப் பேரு ட்ரீட்மெண்ட் இல்ல, வாசல் தெளிக்கறது.

பத்திரம் எழுதறவன்:
மரத்த நீங்க பாத்துக்கங்க, நான் காகிதத்த சொல்றேன். 1882 சொத்து மாற்றுச் சட்டம் 55ஆவது பிரிவுல, தனக்குத் தெரிஞ்ச பெரிய குறைய விக்கறவர் சொல்லியாகணும்னு இருக்கு. ஆனா அது வாங்கறவர் சாதாரண கவனத்தோட பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாத குறைக்குத்தான். கண்ணுக்குத் தெரியற ஓட்டைக்கு பிற்பாடு கேஸ் போட முடியாது, "நீ பாத்துட்டுத்தானப்பா வாங்கினே"ம்பாங்க. அதனால கிரையத்துக்கு முன்னாடியே பேசுங்க. அக்ரிமெண்ட்லயே உத்திர முனை திறந்து பாத்து, சரியில்லன்னா அட்வான்ஸ் திருப்பித் தரணும்னு ஒரு வரி போடச் சொல்லுங்க. வாய் வார்த்தைய நம்பாதீங்க, பதிவுக்கு மட்டும் முத்திரையும் கட்டணமும் சேத்து 9 சதவீதம் கட்டிட்டு அப்புறம் மேல பாத்து அழக்கூடாது.

காவேரிப்பட்டணத்தான்:
(மூணு வாரம் கழிச்சு)
எல்லாருக்கும் பெரிய நன்றிங்க, அப்டேட் சொல்றேன். கூடத்து உத்திரம், கைமரம், நிலைவாசல் எல்லாத்துலயும் பேப்பர் ஒட்டினேன், ஒண்ணு கூட பொத்துக்கல, கீழயும் சுத்தம். ஆசாரி அண்ணன் சொன்னது அப்படியே பலிச்சது. சமையக்கட்டு ரீப்பர்ல 9 எடத்துல பேப்பர் ஓட்டை, கறுப்பு சார்ட்டுல வெள்ளை வெள்ளையா பொடி. தேச்சுப் பாத்தேன், வழுவழுன்னு.

ஆனா ஏஇ சார், உங்க வாய்க்கு சக்கரை போடணும். மேற்கு உத்திரத்தோட ஒரு முனையில திருப்புளி முழுசா எறங்கிடுச்சு. பூச்ச கொத்திப் பாத்தா உள்ள ஒரு முழம் நீளத்துக்கு மண்ணு. மேல ஓடு உடைஞ்சு ரொம்ப நாளா தண்ணி இறங்கியிருக்கு. வீட்டுக்காரர் முகம் செத்துப் போச்சு, அவருக்கே தெரியாதாம், நான் நம்பறேன். அம்மா அங்கயே உக்காந்துட்டாங்க.

ஓய்வுபெற்ற ஏஇ:
மத்த மூணு முனையும் குத்தினீங்களா?

காவேரிப்பட்டணத்தான்:
குத்தினேன் சார், கல்லு மாதிரி இருக்கு.

ஓய்வுபெற்ற ஏஇ:
அப்ப வீடு போகல. ஓட்ட இறக்கி, கீழ ஜாக்கி குடுத்து, மக்கின முனைய நல்ல மரம் தெரியற வரைக்கும் அறுத்து எடுத்துட்டு, ரெண்டு பக்கமும் இரும்பு சேனல் வச்சு போல்ட் போட்டு நீட்டலாம். அடியில ஒரு கருங்கல் தாங்கி வைங்க, கிருஷ்ணகிரியில கல்லுக்கா பஞ்சம். முக்கியமா, முனைய சுத்தி சிமெண்ட்ட பூசி அடைச்சுடாதீங்க, விரல் போற சந்து விட்டு காத்து போகணும், இல்லன்னா 10 வருஷத்துல மறுபடியும் இதே கதை. மொதல்ல ஓடு, அப்புறம் செல்லு மருந்து, அதுக்கப்புறம்தான் உத்திரம். நேர்ல ஒரு இன்ஜினியர காட்டாம இறங்காதீங்க, நான் போட்டோல பாத்து சொல்றவன்.

காவேரிப்பட்டணத்தான்:
ஆசாரியும் இன்ஜினியரும் வந்து பாத்து எல்லாம் சேத்து 2 லட்சத்து 10 ஆயிரம் ஆகும்னாங்க. அந்த எஸ்டிமேட்ட வீட்டுக்காரர் முன்னாடி வச்சேன், புரோக்கர் குதிச்சார், வீட்டுக்காரர் ஒண்ணும் பேசல. கடைசியா 35 அரைக்கு முடிஞ்சது. வர்ற வாரம் பதிவு.

ஒரே ஒரு சந்தேகம். ரீப்பர் மாத்திடறோம், பரணும் மாத்திடறோம். ஆனா பரண் மேல ஒரு 60, 70 மாம்பழப் பெட்டி அடுக்கி வச்சிருந்தாங்க, வீட்டுக்காரர் முன்னாடி மண்டி வச்சிருந்தவராம். எறக்கும்போதே பாதி பெட்டி கையிலயே தூளாப் போச்சு. வண்டு ரீப்பர்ல இருந்து பெட்டிக்கு போச்சா, இல்ல பெட்டியில இருந்து ரீப்பருக்கு வந்துச்சா?

ஆசாரி மகன் பென்னாகரம்:
பெட்டிதான் தம்பி, சந்தேகமே வேணாம். மாம்பலகை, வெள்ளை மரம், பதமே பண்ணாம அறுத்து ஆணி அடிக்கறது. பெட்டி எங்க இப்ப? எரிச்சாச்சா?

காவேரிப்பட்டணத்தான்:
எதிர் வீட்டு பெரியவர் வெந்நீர் அடுப்புக்கு ஆகும்னு கேட்டார், குடுத்துட்டேன்ணா. அவர் வீட்டு திண்ணையில அடுக்கி வச்சிருக்கார்.

ஆசாரி மகன் பென்னாகரம்:
அவர் வீட்ல ஏதாவது புது மர வேலை செஞ்சிருக்காங்களா?

காவேரிப்பட்டணத்தான்:
போன மாசம்தான் ரெண்டு கதவும் ஒரு ஷெல்பும் போட்டாங்க. பாலிஷ் கூட இன்னும் அடிக்கல.

மாந்தோப்பு:
போச்சுடா.

ஆசாரி மகன் பென்னாகரம்:
போனை வச்சுட்டு ஓடுங்க தம்பி. இன்னைக்கு சாயந்திரமே அவருக்கு வெந்நீர் போட்டுக் குடுங்க, அறுபது பெட்டியும் தீர்ற வரைக்கும்.